வலமாகச் சுற்றிய கருந்துளை

1980 ஜூலை 18, வெள்ளி

காற்று. காலையிலிருந்து வீட்டுக் கதவு ஒன்றும் சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பறந்தது என் கணக்குத் தாள்கள். ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் இருந்து மீட்டேன். கோழி திருத்தம் எதுவும் போடவில்லை.

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து 28ஆம் தேதி திங்கள், திரும்ப பெங்களூருக்கு வண்டி.

கொண்டுவந்தவை: புடவை நான்கு. கணக்குத் தாள் ஒரு கட்டு. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம். சாரிடம் வாங்கிய திட்டு.

சார் என்றால் என் ஆராய்ச்சி வழிகாட்டி. மூன்று வருடமாக அவரிடம் எனக்கு ஒரே கேள்விதான். கருந்துளையை நோக்கி வரும் வாயுவை அதனோடு கூடவே வரும் காந்தப்புலம் என்ன செய்கிறது? உள்ளே விழ உதவுகிறதா, தடுக்கிறதா? என் கணக்கில் வரும் விடை, தடுக்கிறது. தடுப்பது என்ன, வெளியே தள்ளியே விடுகிறது. ஒரு துளி விழாது. சார் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோமதி, உன் கருந்துளை பட்டினி கிடந்தே செத்துப்போகும்” என்றார். வானத்தில் இருப்பவை வயிறாரச் சாப்பிடுவதாகத்தான் தெரிகிறதாம். எனக்கு மட்டும் தெரியாதா? ஊருக்குப் போய் அமைதியாக உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடி, முடியாவிட்டால் வந்ததும் வேறு தலைப்பு பார்ப்போம் என்றார்.

அமைதியாக! எங்கள் வீட்டில்! திருவிழா நேரத்தில்!

இன்னொன்றும் இருக்கிறது. நெல்லையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர் வேலை. அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் விண்ணப்பம் போட்டேன், எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில். கிடைத்துவிட்டது. சம்மதமா என்று 28க்குள் எழுத வேண்டும்.

அதற்கும் இதற்கும் ஒரே நாள்.

ஜூலை 19, சனி

அதே காற்று. மேற்கே மலைப்பக்கம் மேகம். சாரல் எல்லாம் குற்றாலத்துக்கு, நமக்குப் புழுதி.

அப்பா மைக் செட் போடுபவர். கொடியேறிய நாளிலிருந்து அவருக்குச் சாப்பிட நேரமில்லை, ஊருக்குக் காதில் இருந்து கையை எடுக்க நேரமில்லை. கோயில் வாசலுக்குப் பக்கத்துப் பந்தலில்தான் பகலெல்லாம். காபி கொண்டுபோனேன். அப்போது அறிவித்துக்கொண்டிருந்தார்: “பனவடலிசத்திரத்தில் இருந்து வந்திருக்கும் கோமதி! கோமதி! உங்கள் தாயார் இங்கே காத்திருக்கிறார்!” அம்பாளின் பெயரே கோமதி. இந்த ஊரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பந்தலைச் சுற்றி ஒரே கோமதிகள். கைக்குழந்தை கோமதி முதல் பல் போன கோமதி வரை. தேடப்பட்ட கோமதி மட்டும் வரவில்லை.

அம்மாவுக்கு இதில் எல்லாம் கோபம். “உங்க மைக் சத்தத்துல அம்பாளுக்கே காது கேக்காது. அவனவன் வேண்டுதலைச் சொல்லுததா, உங்க பாட்டைக் கேக்கதா?”

“அம்பாள் ஒண்ணும் குறை சொல்லலையே” என்கிறார் அப்பா.

“சொன்னாலும் உங்களுக்குக் கேக்கவா போவுது?”

சாயங்காலம் அப்பாவின் மூலையில் பழுதான குழாய் ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தம் கிடைத்தது. காகிதத்தை மேலே வைத்து, பக்கத்து இரும்புப் பட்டறையில் இருந்து கொண்டுவந்த இரும்புத்தூளைத் தூவினேன். கோடு கோடாக நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் சந்தோஷம்தான். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இதைத்தான் படிக்கியா?”

“இதுவும் உண்டு. நடுவுல ஒரு கருந்துளை இருக்கும். பக்கத்துல வாரது எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிடும்.”

“குழின்னா பக்கத்துல போனா விழ வேண்டியதுதான? இதுக்கு எதுக்கு மூணு வருசம்?”

“நேரா விழாதும்மா. சுத்திக்கிட்டேல்லா வரும். சுத்துத வேகம் விழ விடாது. நிலா நம்ம தலையில ஏன் விழல?”

“அம்பாள் பாத்துக்கிடுதா.”

“சரி, அம்பாளும் அது சுத்துத வேகமும். அந்த வேகத்தை யாராவது வாங்கிக்கிட்டாத்தான் உள்ள விழும். உள்ள சுத்துறவங்கிட்ட இருந்து வேகத்தை வாங்கி, வெளிய சுத்துறவங்கிட்ட குடுத்துரும் இந்தக் காந்தம்னு எல்லாரும் சொல்லுதாங்க. எங்கணக்குல மட்டும் தலைகீழா வருது. வெளிய இருக்கவங்கிட்ட வாங்கி உள்ள இருக்கவனுக்குக் குடுக்கு.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் காலையில் தொலைந்த ஊசியைத் தேட ஆரம்பித்தாள். கிடைத்தும் விட்டது. காந்தத்தால் ஒருத்திக்காவது பயன்.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடி முதலில் இருந்து போட்டேன். மைனஸ் என்றால் வாயு உள்ளே, பிளஸ் என்றால் வெளியே. மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ். மறுபடி. பிளஸ். சாப்பிட்டு வந்து மறுபடி. பிளஸ், பல்லைக் காட்டிக்கொண்டு.

எனக்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். வாயுவும் காந்தக் கோடும் பூவும் நாரும் மாதிரி. பூ போகும் இடத்துக்கு நார் போகும், நார் இழுத்தால் பூ வரும். உள்வட்டத்து வாயு வேகமாகச் சுற்றுகிறது, வெளிவட்டம் மெதுவாக. இரண்டையும் கோர்த்த கோடு நீண்டு சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய கோடு சும்மா இருக்காது, இழுக்கும். முந்திப் போகிறவனைப் பின்னால் இழுக்கும், பிந்தி வருகிறவனை முன்னால் இழுக்கும். வேகம் போனவன் உள்ளே விழுவான். வேகம் கிடைத்தவன் வெளியே நகர்வான்.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். கணக்கு கேட்க மாட்டேன் என்கிறது. அதைத் தூக்கி உள்ளிக்கூடைக்குள் போட்டேன். அரைமணி கழித்து நானே எடுத்தேன். தாளெல்லாம் வெங்காய வாசனை.

அம்மா காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறாள், ஆடிச்சுற்று சுற்ற. தபசுக்கு முன் பிரகாரத்தை நூற்றெட்டுத் தடவை சுற்றி முடிக்க வேண்டும். அம்பாள் ஈசனை வேண்டி ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று இங்கே நம்பிக்கை. அம்மாவின் முழங்கால் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிறது. இதற்கு மேல் இரவல் வலி வேறு எதற்கு என்று கேட்டேன்.

“அவ ஒத்தக்கால்ல நிக்கா. எனக்கு ரெண்டு கால் இருக்குல்லா” என்றாள்.

முழங்கால் சரியாக வேண்டும் என்றுதான் நேர்ந்திருக்கிறாளாம். கால் வலி போவதற்காகக் காலை நோக வைப்பது! என் கணக்கைப் போலவே தலைகீழ்.

ஜூலை 21, திங்கள்

மூட்டம். இரண்டு தூறல். நின்றுவிட்டது.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, சுக்கு, பால்பாயின்ட் ரீபிள் இரண்டு.

கடைக்குப் போன இடத்தில் எதிர்வீட்டு வள்ளியக்கா பிடித்துக்கொண்டாள். ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆத்மா.

“ஏட்டி கோமதி, வேலை கெடச்சுட்டாம்லா? உங்கம்மா சுத்துன சுத்து வீணாப் போகல.”

“முட்டுவலிக்குல்லா சுத்துதா?”

“முட்டுக்கா! நல்லாச் சொன்ன போ. ‘எம் மக பக்கத்துல இருக்கணும்’னு ஒவ்வொரு சுத்துக்கும் சன்னதிக்கு நேர நின்னு வாய்விட்டுல்லா கேக்கா. நானே காதால கேட்டேன்.”

எனக்குச் சுரீரென்று வந்தது. வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை டொப்பென்று வைத்தேன். அம்மா எனக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். பேசாமலே மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

நான் இங்கே உட்கார்ந்து மூன்று வருட உழைப்பைக் காப்பாற்றப் பார்க்கிறேன். இவள் அங்கே வீங்கின காலோடு நான் தோற்று வர வேண்டும் என்று சுற்றுகிறாள். இல்லை, அப்படி அவள் நினைக்க மாட்டாள். தெரியும். பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறாள். ஆனால் இரண்டும் ஒன்றுதானே?

கல்லூரி வேலை ஒன்றும் கெட்ட வேலை இல்லை. சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். பெண்களுக்குப் பாடம் சொல்வது எனக்குப் பிடிக்கும். பெங்களூரில் விடுதிச் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக யோசித்தேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிறகு ஏன் சம்மதக் கடிதம் எழுத உட்கார மாட்டேன் என்கிறேன்?

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அம்மா படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் அங்கேயே போயிற்று. நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

“நீ எதுக்கு? உனக்குத்தான் சோலி கிடக்கே.”

“உன்னைப் புடிச்சுக்கிட வாரேன்.”

பிரகாரத்தில் நல்ல கூட்டம். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். அம்மா தன் முந்தானை நுனியை என் முந்தானை நுனியோடு முடிச்சுப் போட்டாள். “கூட்டத்துல பிரிஞ்சிட்டோம்னா உங்கப்பா மைக்ல கூப்பிடுவாரு. வார கோமதிகள்ல எது எம் மகன்னு நான் தேடணும்” என்றாள்.

அம்மா சுவரோரமாக உள்பக்கம். நான் வெளிப்பக்கம். அவளுக்குச் சுற்று சின்னது, ஓரத்தில் கூட்டமும் குறைவு. நொண்டி நொண்டி என்றாலும் முன்னே போய்விடுகிறாள். நான் கூட்டத்தில் மாட்டிப் பின்தங்குகிறேன். மூலை திரும்பும்போதெல்லாம் முடிச்சு இறுகுகிறது. வடக்கு மூலையில் ஒரே வெட்டாக இறுகியது. அம்மா பின்னால் இழுபட்டு, நடை தளர்ந்து, உள்பக்கம் சாய்ந்து தூணோடு ஒட்டிக்கொண்டாள். நான் முன்னால் இழுபட்டு வெளிவரிசையில் ஒருவர் முதுகில் போய் முட்டினேன்.

“கண்ணு தெரியாதா தாயி?” என்றார் அவர்.

தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இருப்பவள் வேகம் இழந்து உள்ளே. வெளியே இருப்பவள் வேகம் பெற்று வெளியே. நடுவில் நீண்ட முந்தானை.

பொருத்தம் முழுசாகச் சரியில்லை. மனிதர்கள் தரையில் கால் ஊன்றி நடக்கிறார்கள், நினைத்தால் நிற்கிறார்கள். வாயுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் திசை சரி. என் விடை தப்பு என்பது இதுவரை சார் சொல்லித் தெரியும். இன்று தோள் வலியில் தெரிகிறது. எங்கே தப்பு என்பதுதான் தெரியவில்லை.

“என்னட்டி மரம் மாதிரி நிக்க?”

“ஒண்ணுமில்ல. நட.”

ஜூலை 23, புதன்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. அவசரத்தில் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், இருக்கட்டும்.

முறையாக எழுதுகிறேன்.

காலையில் அம்மாவோடு போனேன். முந்தானை முடிச்சு. மூன்றாம் சுற்றோ நான்காம் சுற்றோ, எதிரே ஓர் ஆள் வருகிறார். வெளியூர்க்காரர், முழுக்கால் சட்டை, கையில் அர்ச்சனைத் தட்டு. மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் போக அவர் மட்டும் எதிர்ப்பக்கம். ஒவ்வொருத்தர் மீதும் முட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

“ஏ அண்ணாச்சி! எதுக்க வாரீரே! வலமா வாரும்!”

“இங்கிட்டு கூட்டம் இல்லன்னு வந்தேங்க.”

“கூட்டம் ஏன் இல்லன்னு யோசிச்சீரா வே?”

யாரோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே அப்பாவின் குரல் முழங்கியது: “இடமாகச் சுற்றி வரும் அன்பர் தயவுசெய்து வலமாக வரவும்! இடமாக வரும் அன்பர் வலமாக வரவும்!” பிரகாரமே சிரித்தது. அந்த மனுசரும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நானும் சிரித்துக்கொண்டேதான் நடந்தேன். வலம் என்றால் சாமி நம் வலக்கைப் பக்கம். கோபுரத்து உச்சியில் இருந்து குனிந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிவோம்? கடிகார முள் போகிற போக்கில் போவோம். இப்படிச் சும்மா நினைத்துக்கொண்டே வந்தேன். அப்புறம் விரலால் காற்றில் அந்த வட்டத்தை வரைந்து பார்த்தேன்.

நான் சமன்பாடு எடுத்த கட்டுரையில் முதலிலேயே இருக்கிறது: சுழற்சி அச்சு மேல்நோக்கி. அப்படியென்றால் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். உலகத்தில் எல்லாப் புத்தகத்திலும் அதுதான் வழக்கம். என் படத்தில்?

என் படத்தில் வலம். மூன்று வருடமாக நான் வரைந்த அத்தனை படத்திலும் வலம்! யாரும் சொல்லித் தந்ததில்லை. நடுவில் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி வருகிறார்கள் என்றால் வலமாகத்தானே வருவார்கள்? வேறு எப்படி வருவார்கள்? கருந்துளையைப் பிரதட்சிணம் செய்ய வைத்திருக்கிறேன்.

வலமாகச் சுற்றுவதில் தப்பில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் விழுவது விழும். ஆனால் சமன்பாட்டைக் கட்டுரையில் இருந்து எடுத்தேன். கோடு எந்தப் பக்கம் முறுக்கும் என்பதை என் படத்தைப் பார்த்து எடுத்தேன். பாதி இடம், பாதி வலம். அந்த முழுக்கால் சட்டைக்காரர் மாதிரி என் காந்தப்புலம் மட்டும் மூன்று வருடமாகக் கூட்டத்துக்கு எதிரே நடந்திருக்கிறது.

அம்மாவிடம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

“எண்ணிக்கை பாதியில நிக்கே!”

முடிச்சு வேறு. அவிழ்க்க வரவில்லை. ஆகவே அவள் எண்ணிக்கை முடியும்வரை நானும் கூடவே சுற்றினேன். வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக நான் நடந்தது கிடையாது.

மூன்றாம் பக்கம், நான்காவது வரி. அங்கேதான். குறியை மாற்றினேன். மைனஸ் கடகடவென்று பக்கம் பக்கமாக இறங்கி வந்து கடைசி வரியில் உட்கார்ந்தது.

விழுகிறது.

ஜூலை 24, வியாழன்

காற்று குறைவு. அல்லது எனக்கு அப்படி.

முழுக்க மறுபடி போட்டேன், இந்தத் தடவை எல்லாவற்றையும் இடமாகச் சுற்றவிட்டு. விழுகிறது. பிறகு எல்லாவற்றையும் வலமாக. விழுகிறது. சந்தோஷத்தில் இரண்டு தோசை அதிகம்.

ஒரு சந்தேகம். சார் கண்ணில் ஏன் படவில்லை? படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அவரும் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கும் உறுத்தியிருக்காது.

தபால் ஆபீஸ் போய் சாருக்குத் தந்தி. ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினேன்: குறி தவறு, படத்தில். திருத்தினேன். பொருள் விழுகிறது. தந்தி குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்ன பொருளும்மா?”

“பொதுவா.”

“எங்கன விழுது?”

“கருந்துளைக்குள்ள.”

“கிணறா? ஆள் யாரும் இல்லையே?”

ஆள் யாரும் இல்லை என்று உறுதி கொடுத்த பிறகுதான் தந்தியை வாங்கினார். வாசலில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், “மைக் செட்டுக்காரர் மகளோட நகை எதுவும் கிணத்துல விழுந்துட்டு போலிருக்கு” என்றார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் கொஞ்சம் சுற்று பாக்கி. நான் போவது உறுதி என்று தெரிந்தால் அந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த மனதோடு சுற்றுவாள்? சொல்லாவிட்டால், நான் இங்கே தங்குவேன் என்று நம்பிச் சுற்றுவாள். அது அதைவிட மோசம். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே இருந்தது, எப்படிக் கிடைத்தது என்று எல்லாம் சொன்னேன். முந்தானையை, முழுக்கால் சட்டைக்காரரை. கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதப்போவதையும் சொன்னேன். வள்ளியக்கா சொன்னதும் எனக்குத் தெரியும் என்றேன். கை நிற்கவே இல்லை, தொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு முழம் முடிந்தது.

“அப்ப நான் சுத்துன சுத்துலதான் உனக்குக் கெடச்சிருக்கு” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“நல்ல கூத்து.”

அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள். நானும். அப்பா சாப்பிட வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, நகை விழுந்தது உண்மைதான் போல என்று நினைத்திருக்கிறார். “போனா போவுது, விடுங்க” என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “கிளம்பு. மிச்சத்தையும் முடிச்சிருவோம். நேந்ததைப் பாதியில விடப்படாது.”

“என்னத்துக்குன்னு சுத்துவ இப்ப?”

“அதை நான் அவகிட்ட பேசிக்கிடுதேன்.”

முந்தானையை அவளே முடிந்தாள். இந்தத் தடவை லேசான முடிச்சு.

ஜூலை 26, சனி

சாரிடம் இருந்து தந்தி. “எப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. வா.” பத்துத் தடவை படித்தேன். குமாஸ்தா இதையும் படித்திருப்பார். பாவம்.

கல்லூரிக்கு எழுதித் தபாலில் சேர்த்தாயிற்று. மரியாதையாக, நன்றியோடு. பெட்டிக்குள் போடும்போது கை ஒரு நொடி தயங்கியது. போட்டேன்.

புதிது ஒன்று. குறியைத் திருத்திய கணக்கை உள்ளே உள்ளே கொண்டுபோனால் கடைசியில் விசித்திரமாக இருக்கிறது. விழும் வாயு கோடுகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. வாயு துளைக்குள் போய்விடுகிறது, கோடுகள் வாசலில் நெருக்கியடித்துச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சேரச் சேர, பின்னால் வரும் வாயுவை அவையே எதிர்த்துத் தள்ள ஆரம்பிக்கின்றன. இழுத்து வந்து விட்ட அதே காந்தம், வாசலில் நின்று பொறு பொறு என்கிறது. அப்படியானால் உதவுகிறதா, தடுக்கிறதா என்ற என் கேள்விக்கு விடை, இரண்டும்! எவ்வளவு தூரம் வரை அது, எங்கிருந்து இது? தெரியாது. இதைப் போட இன்னும் இரண்டு வருடம் ஆகும். ஆகட்டும். எனக்கு இப்போதே உட்கார வேண்டும்போல இருக்கிறது.

அம்மாவுக்கு நூற்றெட்டு முடிந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். முழங்கால் பூசணிக்காய்.

இன்னொன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோர்த்த இரண்டு பேரில் உள்ளே இருப்பவள் தன் வேகத்தைக் கொடுத்துவிடுகிறாள். அந்த வேகத்தில்தான் மற்றவள் வெளியே போகிறாள். செவ்வாய்க்கிழமை வடக்கு மூலையில் நடந்தது அதுதான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அழுகை.

ஜூலை 27, ஞாயிறு. தபசு.

எள் போட்டால் விழாது. சாயங்காலம் தெற்கு ரத வீதியில் அம்பாளுக்கு ஈசன் காட்சி கொடுத்தார். இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததை எல்லாம் வாரி வாரி வீசினார்கள், பருத்தி, வற்றல், கம்பு. என் தலையெல்லாம் பஞ்சு. அம்மாவைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நானும். அம்பாளுக்கு இனி இரண்டு கால். நல்லது.

அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையில் சோறு கேட்கிறார். வீடு முதல் முறையாக அமைதி.

ஜூலை 28, திங்கள்

வண்டியில் எழுதுகிறேன். ஆடுகிறது.

வெயில். காற்று திரும்ப வந்துவிட்டது. கட்டித் தந்தவை: முறுக்கு, எள்ளுருண்டை, மல்லிகை ஈரத்துணியில், கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம், அப்பாவின் காந்தம். “வச்சுக்கோ” என்று சைகை காட்டினார். அம்மாவுக்கு இனி ஊசி தொலைந்தால் திண்டாட்டம்.

அம்மா நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்தாள், வேண்டாம் என்றால் கேட்டால்தானே. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று நான் சொன்னேன். அதற்கு ரெண்டு திட்டு திட்டினாள். கொடி காட்டிவிட்டார்கள்.

“ஏட்டி” என்றாள். “நான் யோசிச்சுப் பாத்தேன். தப்பு உங்கப்பா மேலதான்.”

“அப்பா என்ன செஞ்சாரு?”

“எல்லாம் அந்த மைக் சத்தம். நான் கேட்டது, ‘எம் மக பக்கத்துல இருக்கணும்’னு. அம்பாளுக்குச் சரியாக் கேக்கல. ‘எம் மக பக்கம் இருக்கணும்’னு அவ காதுல விழுந்துருக்கு. உம் பக்கம் வந்து நின்னுட்டா.”

வண்டி நகர்ந்துவிட்டது.